அமெரிக்கக் கடலோரத்தில் வீடு வாங்குமுன்: வெள்ளக் காப்பீட்டின் முப்பது வருட விலையைக் கணக்குப் போடுவது எப்படி?

ஹூஸ்டன், டாம்பா, ஜெர்சி சிட்டி, நார்ஃபோக் என்று வேலை நிமித்தம் நம்மவர்கள் வீடு வாங்கும் ஊர்களில் பல, கடலை ஒட்டியோ கடலில் போய் விழும் ஆறுகளை ஒட்டியோ இருக்கின்றன. வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடத்தின் தரம், வட்டி, சொத்து வரி எல்லாவற்றையும் அலசிவிடுகிறோம். வெள்ளக் காப்பீடு மட்டும் க்ளோசிங் (வீடு நம் பெயருக்கு மாறும் நாள்) நெருங்கும் நேரத்தில், லெண்டர் (கடன் தரும் வங்கி) அனுப்பும் காகிதப் பட்டியலில் ஒரு வரியாகத் தலைகாட்டும். ஏஜென்ட் ஒரு தொகை சொல்வார். "மாதத்துக்கு இவ்வளவுதானே, சரி" என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

அந்தத் தொகை ஒரு வருடத்துக்கான விலை. வீட்டுக் கடனோ முப்பது வருடத்துக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே கடல்மட்டம் ஏறுகிறது, அரசு கொடுத்துவந்த சலுகை விலை படிப்படியாகக் கரைகிறது. முதல் வருட பிரீமியத்தை மட்டும் பார்த்து வீடு வாங்கியவர்கள் ஐந்தாறு வருடத்தில் திணறுவதற்குக் காரணம் இதுதான். அதனால் கையெழுத்துக்கு முன்பே முழு விலையையும் தெரிந்துகொள்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. குழாய் உடைந்து வீடு நனைந்தால் அதில் பணம் கிடைக்கும். கடலோ ஆறோ மழையோ பொங்கி, தரைவழியாக உள்ளே புகுந்த தண்ணீருக்குக் கிடைக்காது. அதற்குத் தனி பாலிசி வேண்டும்.

விலை எங்கிருந்து வருகிறது

வெள்ளத்தால் வரும் இழப்பைத் தாங்க முடியாது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்ட காலத்தில், 1968ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அதைப் பேரிடர்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபீமா நடத்துகிறது. சுமார் 47 லட்சம் பாலிசிகள் அதில் இருக்கின்றன. பாலிசித் தாளில் ஏதாவது ஒரு தனியார் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் விற்பதும் க்ளெய்ம் கவனிப்பதும் மட்டும்தான் அவர்கள் வேலை. இழப்பை ஏற்பது அரசு. ஆகவே இந்தத் திட்டத்தில் எந்த ஏஜென்டிடம் போனாலும் ஒரே வீட்டுக்கு ஒரே விலைதான். இரண்டு ஏஜென்ட் இரண்டு தொகை சொன்னால், யாரோ ஒருவர் வீட்டின் விவரத்தைத் தப்பாகப் பதிந்திருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கே வெள்ள ஆபத்து என்று காட்டும் அரசின் வரைபடங்கள் வருவதற்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு ஆரம்பம் முதலே சலுகை விலை. பழைய வீடுகள் காலப்போக்கில் மறைந்துவிடும், சலுகையும் தானாக முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். வீடுகள் மறையவில்லை. 2005ல் கத்ரீனா, 2012ல் சாண்டி, 2017ல் ஹார்வி என்று அடுத்தடுத்து வந்த புயல்களில் திட்டம் கடனில் மூழ்கியது. 2017ல் காங்கிரஸ் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்த பிறகும் 2,000 கோடி டாலருக்கு மேல் பாக்கி நின்றது. நடுவில் 2012ல் சலுகைகளை வேகமாக எடுக்க ஒரு சட்டம் வந்தது. கடலோரத்தில் எழுந்த எதிர்ப்பைப் பார்த்து 2014ல் இன்னொரு சட்டம் போட்டு அதற்குக் கடிவாளம் போட்டார்கள்: குடியிருக்கும் வீட்டின் பிரீமியத்தை வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. இந்த 18 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

பிறகு 2021 அக்டோபரில் விலை போடும் முறையே மாறியது. 'ரிஸ்க் ரேட்டிங் 2.0' என்று பெயர். புதிய பாலிசிகளுக்கு அந்த அக்டோபரிலும், பழைய பாலிசிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் புதுப்பிக்கும்போதும் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு வரைபடத்தில் எந்த மண்டலம், தரை எவ்வளவு உயரம் என்பதை வைத்தே பெரும்பாலும் விலை போட்டார்கள். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கணக்கு. தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம், முதல் தளம் நிலத்திலிருந்து எவ்வளவு மேலே, அடித்தளம் எந்த வகை, இடிந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும், இவ்வளவும் சேர்கின்றன. கொள்கையளவில் இது நியாயமான மாற்றம் என்றே நினைக்கிறேன். முன்பு, திரும்பக் கட்ட அதிகம் செலவாகாத சின்ன வீட்டுக்காரரும் பெரிய மாளிகைக்காரரும் ஒரே விகிதத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விளைவு என்ன? 2023ல் அரசின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, 2022 டிசம்பர் நிலவரப்படி நடுமட்டப் பிரீமியம் வருடத்துக்கு 689 டாலர் என்றது. ஆபத்துக்கு ஏற்ற முழு விலைக்கு வர அது 1,288 டாலர் ஆகவேண்டும். 18 சதவீதக் கடிவாளம் இருப்பதால், கிட்டத்தட்ட எல்லாப் பாலிசிகளும் அந்த முழு விலையை எட்ட 2037 வரை ஆகும் என்றும் அந்த அறிக்கை கணக்கிட்டது.

இதில் கடல் எங்கே வருகிறது? நேராக எங்கும் வராது. பாலிசி ஒரு வருடத்துக்கு என்பதால், அந்த ஒரு வருடத்து ஆபத்துக்குத்தான் விலை. 2045ல் கடல் எங்கே நிற்கும் என்பது இந்த வருட பிரீமியத்தில் இல்லை. பிறகு கணக்கு மாதிரிகளைப் புதுப்பிக்கும்போது, அதுவரை ஏறிய கடல் அந்தக் கணக்கில் ஏறிக்கொள்ளும். அப்போது மேலே சொன்ன 'முழு விலை'யே மேலே போகும். எட்டவேண்டிய இலக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் வீடு வாங்குபவர் புரிந்துகொள்ள வேண்டியது.

எவ்வளவு நகரும்? கடலையும் வானிலையையும் ஆராயும் அரசு அமைப்பான நோவா 2022ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2020 முதல் 2050 வரை அமெரிக்கக் கடலோரங்களில் சராசரியாக 10 முதல் 12 அங்குலம் கடல் ஏறும். கிழக்குக் கரையில் 10 முதல் 14 அங்குலம். மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் 14 முதல் 18 அங்குலம். கால்வெஸ்டன் பக்கம் கடல் ஏறுவதோடு நிலமும் இறங்குகிறது. நிலத்தடி நீரையும் எண்ணெயையும் உறிஞ்சியதன் பலன் அது. ஓரடிதானே என்று தோன்றலாம். புயல் தள்ளிவரும் அலை அந்த ஓரடிக்கு மேல் ஏறி வரும். மழைநீர் வடிகாலின் வாய் கடல்நீரில் மூழ்கிவிட்டால், ஊருக்குள் பெய்த மழையும் வெளியே போக முடியாமல் நிற்கும். சென்னையில் ஓதம் ஏறும் நேரத்தில் அடையாற்று வெள்ளம் வடியாமல் தேங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படி 1: முகவரியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபீமாவின் வெள்ள வரைபடத் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்த மண்டலம் என்று காட்டும். ஏ அல்லது வி என்று தொடங்கும் மண்டலமென்றால் ஆபத்துப் பகுதி. வங்கிக் கடன் இருந்தால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். வி என்றால் கடலலையின் அடியும் சேர்ந்தது. எக்ஸ் மண்டலமென்றால் கட்டாயமில்லை.

கட்டாயமில்லை என்பதை வெள்ளம் வராது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஹார்வி மழையில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) மட்டும் சுமார் 1,54,000 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் 68 சதவீதம் வீடுகள் கட்டாயப் பகுதிக்கு வெளியே இருந்தவை. தண்ணீர் புகுந்த வீடுகளில் 64 சதவீதத்துக்கு வெள்ளக் காப்பீடே இல்லை. மண்டலக் கோடு உங்கள் தெருவின் நடுவில் ஓடுகிறது என்பதற்காகத் தண்ணீர் அங்கே நிற்காது. அந்த வரைபடங்கள் இன்றைய நிலையைக் காட்டுபவை, வரப்போகும் கடல்மட்டம் அவற்றில் இல்லை.

அப்புறம் விற்பவரைக் கேளுங்கள். டெக்சாஸில் 2019 முதல், நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் 2024 மார்ச் முதல், புளோரிடாவில் 2024 அக்டோபர் முதல், வெள்ளம் பற்றிய விவரங்களை விற்பவர் எழுத்தில் சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் கேட்கும் கேள்விகள் வேறுவேறு. படிவத்தோடு நிறுத்தாமல், வீட்டின் பழைய வெள்ள க்ளெய்ம் வரலாற்றை ஃபீமாவிடமிருந்து வாங்கித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் கேட்டால் கிடைக்கும், வாங்குபவருக்கு நேராகக் கிடைக்காது. தர மறுத்தால் அந்த மறுப்பே ஒரு பதில்தான். முன்னால் இருந்தவர் அரசின் பேரிடர் உதவி வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படி வாங்கிய வீட்டுக்கு அதற்குப் பிறகு எப்போதும் வெள்ளக் காப்பீடு வைத்திருக்கவேண்டும். விட்டுவிட்டால் அடுத்த வெள்ளத்தில் அந்த உதவி கிடைக்காமல் போகும்.

படி 2: டிக்ளரேஷன் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். விற்பவரிடம் இப்போது பாலிசி இருந்தால் அதன் டிக்ளரேஷன் பக்கத்தை, அதாவது வீட்டின் விவரமும் விலையும் சுருக்கமாக இருக்கும் தாளை, வாங்குங்கள். உங்கள் பெயரில் ஒரு புதிய மதிப்பீட்டையும் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள்.

மேல்பாதியில் வீட்டின் விவரம் இருக்கும்: கட்டிய வருடம், அடித்தள வகை, முதல் தள உயரம், மாடிகள், திரும்பக் கட்டும் செலவு. ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். தரையோடு ஒட்டிய சிமென்ட் பலகை அடித்தளமா, அடியில் தவழ்ந்து போகும் இடைவெளி உள்ளதா, தூண்மேல் நிற்கிறதா என்பதில் விலை நன்றாகவே மாறும். முதல் தள உயரத்தை ஃபீமா தன் தரவிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். வீடு அதைவிட உயரமாக இருந்தால், சர்வேயரைக் கொண்டு உயரச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கலாம். இப்போது அது கட்டாயமில்லை. ஆனால் விலையைக் குறைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள், கூட்டினால் பயன்படுத்த மாட்டார்கள். சில நகராட்சிகளில் பழைய சான்றிதழ் கோப்பிலேயே கிடைக்கும். சர்வேயருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

கீழ்ப்பாதியில்தான் விலை. கட்டடத்துக்கு இவ்வளவு, உள்ளே இருக்கும் பொருளுக்கு இவ்வளவு என்று வரும். பிறகு 'இன்கிரீஸ்டு காஸ்ட் ஆஃப் கம்ப்ளையன்ஸ்' என்று ஒரு சின்னத் தொகை. சேதமடைந்த வீட்டைப் புதிய விதிப்படி உயர்த்திக் கட்ட 30,000 டாலர் வரை தரும் பகுதி அது. அடுத்து தள்ளுபடிகள். அதற்குப் பிறகு 'ஃபுல் ரிஸ்க் பிரீமியம்' என்று ஒரு வரி வரும். அதை வட்டமிடுங்கள். உங்கள் வீட்டுக்கு உண்மையில் ஆகும் விலை அதுதான். அதன் கீழே 'ஆனுவல் இன்கிரீஸ் கேப் டிஸ்கவுன்ட்' என்று ஒரு தொகையைக் கழித்திருந்தால், விற்பவர் இப்போது கட்டுவது இடைக்கால விலை. கழித்தது எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் இன்னும் ஏறவேண்டியிருக்கிறது.

கடைசியில் கட்டணங்கள்: பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் கையிருப்பு நிதிக்கு, 47 டாலர் நிர்வாகக் கட்டணம், அப்புறம் 2014 சட்டத்தின் கூடுதல் தொகை. அது குடியிருக்கும் வீட்டுக்கு 25 டாலர். வாடகைக்கு விடவோ விடுமுறைக்கோ வாங்கினால் 250 டாலர். முதலீட்டுக்காக டெக்சாஸிலோ புளோரிடாவிலோ இரண்டாவது வீடு வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இரண்டாம் வீடு வரைபடத்துக்கு முந்தைய பழைய கட்டடமாக இருந்தால் வருட ஏற்றத்தின் வரம்பும் 18 இல்லை, 25 சதவீதம்.

படி 3: முப்பது வருடக் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு. இப்போதைய பிரீமியம் 1,000 டாலர், முழு விலை 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 18 சதவீதம் ஏறினால்: 1,000, 1,180, 1,392, 1,643, 1,939, 2,288, 2,700. எட்டாவது வருடத்தில் 3,000. கட்டணங்கள் தனி. மாதம் 83 டாலராகத் தொடங்கியது மாதம் 250 ஆகிவிடும். இவ்வளவும் இன்றைய முழு விலை அப்படியே நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. கடலும் கட்டுமானச் செலவும் ஏற ஏற அந்த 3,000மும் ஏறும்.

இதை எஸ்க்ரோவில், அதாவது வரிக்கும் காப்பீட்டுக்கும் லெண்டர் மாதாமாதம் வசூலித்து வைக்கும் கணக்கில், வைத்துப் பாருங்கள். வீட்டுக் கடனின் வட்டி நிலையானதுதான், ஆனால் மாதத் தவணையில் சொத்து வரியும் காப்பீடும் சேர்ந்திருக்கின்றன. காப்பீடு ஏறினால் எஸ்க்ரோவில் பற்றாக்குறை விழும். லெண்டர் அந்தப் பற்றாக்குறையையும் அடுத்த வருட ஏற்றத்தையும் சேர்த்தே வசூலிப்பார். அதனால் வீடு நமக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்கும்போது முதல் வருடத் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள். முழு விலையை வைத்துப் பாருங்கள். அதிலும் மூச்சு முட்டவில்லையென்றால் மேலே போங்கள். முட்டினால் அந்த வித்தியாசத்தைக் காட்டி வீட்டின் விலையில் பேரம் பேசுங்கள். வருடத்துக்கு 2,000 டாலர் கூடுதல் செலவு வைக்கும் வீடும் வைக்காத வீடும் ஒரே விலைக்குப் போவது நியாயமில்லை.

எது தாங்கக்கூடிய விலை என்பதற்கு 2014 சட்டத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது: காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். 2,50,000 டாலர் காப்பீட்டுக்கு 2,500 டாலர். அதற்கு மேல் போகும் பாலிசிகளை முடிந்தவரை குறைக்க ஃபீமா முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் வருமானத்தைப் பார்க்காத அளவுகோல் என்றாலும், உங்கள் முழு விலை அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க உதவும்.

படி 4: விற்பவரின் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்

பலருக்குத் தெரியாமலே கைவிட்டுப் போகும் சலுகை இது. புதிதாகப் பாலிசி எடுத்தால் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே முழு விலை. விற்பவரிடம் நடப்பில் இருக்கும் பாலிசியை அப்படியே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால், அவருடைய இடைக்கால விலை உங்களுக்கும் தொடரும். 18 சதவீதப் படிகளில்தான் ஏறும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதல் வருடத்தில் மட்டும் 2,000 டாலர் மிச்சம். ஏழு வருடத்துக்கும் சேர்த்தால் சுமார் 8,900 டாலர். வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள், க்ளோசிங் வரை பாலிசி காலாவதியாகாமல் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்து.

இன்னொரு பயனும் உண்டு. இந்தத் திட்டத்துக்கு காங்கிரஸ் குறுகிய காலத்துக்குத்தான் அனுமதி நீட்டித்து வருகிறது. 2025 அக்டோபரில் அரசு முடங்கியபோது அனுமதியும் காலாவதியாகி, ஆறு வாரம் புதிய பாலிசியே எழுத முடியவில்லை. அப்படிப்பட்ட நேரத்திலும் இருக்கும் பாலிசியைப் பெயர் மாற்றிக்கொள்ள முடியும்.

புதிய பாலிசி என்றால் 30 நாள் காத்திருப்பு உண்டு. புயல் செய்தி வந்த பிறகு எடுத்துப் பலனில்லை. வீட்டுக் கடனுக்காக க்ளோசிங்கோடு எடுப்பவர்களுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை.

படி 5: எவ்வளவுக்கு எடுப்பது

அரசு பாலிசியில் ஒரு குடும்ப வீட்டின் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு அதிகபட்சம் 1,00,000 டாலர். நிலத்துக்குக் காப்பீடு இல்லை. ஆகவே வீட்டின் சந்தை விலையை விட்டுவிட்டுத் திரும்பக் கட்டும் செலவைப் பாருங்கள். அது இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் மீதிக்குத் தனியாரிடம் கூடுதல் பாலிசி கிடைக்கும். லெண்டர் கேட்பது கடன் பாக்கியின் அளவுக்குத்தான், பொருட்களுக்கு அவர் கேட்கவே மாட்டார். பொருட்களுக்கு நீங்களாகக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு.

நம் வீடுகளுக்குக் குறிப்பாக ஒன்று. நகை, கலைப்பொருள் போன்றவை எல்லாம் சேர்த்து 2,500 டாலர்தான். ரொக்கத்துக்கு ஒன்றுமே கிடையாது. கல்யாண நகையை வீட்டில் வைத்திருப்பவர்கள் வீட்டுக் காப்பீட்டு ஏஜென்டிடம், வெள்ளமும் அடங்குமாறு நகைக்குத் தனிக் காப்பீடு பேசவேண்டும். காருக்கு அதன் சொந்த பாலிசியில் 'காம்ப்ரிஹென்சிவ்' இருக்கவேண்டும். வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியே தங்கினால் அந்தச் செலவும் அரசு பாலிசியில் வராது. நியூ ஜெர்சிப் பக்கம் பேஸ்மென்டைப் படுக்கையறையாகவும் அலுவலக அறையாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே ஹீட்டர், மின்சாரப் பெட்டி போன்ற சிலவற்றுக்குத்தான் காப்பீடு. கீழே போட்டிருக்கும் சோபாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் இல்லை.

படி 6: தனியாரா, அரசா

தனியார் பாலிசி சில வீடுகளுக்கு மலிவாக வரும். வரம்பும் அதிகம், வெளியே தங்கும் செலவும் சில பாலிசிகளில் சேரும். சட்டத்தின் தகுதிகளைப் பூர்த்தி செய்யும் தனியார் பாலிசியை வங்கிகள் 2019 முதல் ஏற்கவேண்டும். விலை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தனியார் கம்பெனி அடுத்த வருடம் புதுப்பிக்க மறுக்கலாம், ஒரே வருடத்தில் விலையை இரட்டிப்பாக்கலாம். 18 சதவீதக் கடிவாளம் அவர்களுக்கு இல்லை. அப்போது அரசுத் திட்டத்துக்குத் திரும்பினால், விட்டுப்போன இடைக்கால விலை திரும்பக் கிடைக்காது.

என் கருத்து இது: நீங்கள் ஏற்கெனவே முழு விலை கட்டுகிறீர்கள் என்றால் தனியாரைத் தாராளமாக ஒப்பிட்டுப் பாருங்கள், இழக்க ஒன்றுமில்லை. பெரிய இடைக்காலச் சலுகை கையில் இருந்தால் முந்நூறு, நானூறு டாலர் மிச்சத்துக்காக அதை விட்டுவிடாதீர்கள். கடல் ஏறிக்கொண்டிருக்கும் கரையில், யாரும் உங்களை விலக்க முடியாத பாலிசிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

படி 7: விலையைக் குறைக்கும் வழிகள்

டிடக்டிபிளை, அதாவது இழப்பில் முதலில் நாமே ஏற்கும் தொகையை, 10,000 டாலர் வரை உயர்த்தினால் பிரீமியம் குறையும். கட்டடத்துக்கும் பொருளுக்கும் தனித்தனியாகக் கழிப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்; அந்தப் பணம் வங்கியில் தயாராக இருந்தால்தான் இது புத்திசாலித்தனம். லெண்டரும் சம்மதிக்கவேண்டும்.

ஏசி, வாட்டர் ஹீட்டர், மின்சாரப் பெட்டி ஆகியவற்றை மேலே ஏற்றினால் தள்ளுபடி உண்டு. அடியில் இடைவெளி உள்ள வீட்டுச் சுவர்களில் தண்ணீர் வந்து போக முறையான திறப்புகள் வைத்தாலும் உண்டு. பெரிய தள்ளுபடி வீட்டையே உயர்த்துவதில்தான். ஆனால் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டக்கூடிய வேலை, பிரீமியம் மிச்சத்தை மட்டும் வைத்து அந்தப் பணத்தை மீட்க முடியாது. ஃபீமாவின் மானியங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனிநபர் நேராக விண்ணப்பிக்க முடியாது, நகராட்சியோ கவுண்டியோதான் விண்ணப்பிக்கும். உங்கள் ஊர் விண்ணப்பிக்கிறதா என்று வெள்ளச் சமவெளி மேலாளரிடம் கேளுங்கள். பங்கேற்கும் ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு அதிகாரி இருப்பார்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ஊரின் சமூக மதிப்பீட்டு வகுப்பு என்ன? வடிகால், திறந்த நிலம், கட்டட விதி ஆகியவற்றில் ஊர் கூடுதலாக வேலை செய்தால் ஊரிலுள்ள பாலிசிகளுக்கு 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய எதையும்விட இது பெரிது. ஊர் கவனக்குறைவாக இருந்தால் இது போகவும் கூடும். 2024ல் புளோரிடாவின் லீ கவுண்டிக்கு இருந்த 25 சதவீதத் தள்ளுபடியை எடுத்துவிடப் போவதாக ஃபீமா அறிவித்தது. இயன் புயலுக்குப் பிறகு நடந்த சீரமைப்பு வேலைகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. கவுண்டி ஆவணங்களைக் காட்டிப் போராடித்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டது. நகராட்சிக் கூட்டத்துக்குப் போகும் பழக்கம் நம்மிடம் குறைவு. இந்த ஒரு விஷயத்துக்காவது போகலாம்.

வாடகை வீடும் கான்டோவும்

வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் பொருளுக்கு உதவாது. பொருட்களுக்கு மட்டும் தனி பாலிசி எடுக்கலாம், கட்டடம் சேராததால் குறைவாகத்தான் வரும்.

கான்டோவில் (அடுக்ககத்தில் சொந்தமாக வாங்கும் வீடு) கட்டடத்துக்கு உரிமையாளர் சங்கம் ஒரே பாலிசி எடுக்கும். அது கட்டடத்தின் மதிப்பில் 80 சதவீதத்துக்குக் குறைவாக எடுக்கப்பட்டிருந்தால், க்ளெய்ம் தொகையும் அந்த விகிதத்தில் குறையும். துண்டு விழுவதை வீட்டுக்காரர்கள் தலையில்தான் பிரித்துக் கட்டுவார்கள். வாங்குமுன் சங்கத்தின் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹோபோகன், ஜெர்சி சிட்டி ஆற்றங்கரை அடுக்ககங்களில் பத்தாவது மாடியில் இருந்தாலும், கீழே மூழ்கும் மின்சார அறைக்கும் லிஃப்டுக்கும் உங்களுக்கும் பங்கு உண்டு.

கட்ட முடியாமல் போனால்

இது மிகவும் வருத்தமான பகுதி. வருமானம் குறைந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் எந்த உதவியும் இல்லை. ஃபீமாவே 2018ல் செய்த ஆய்வில், ஆபத்துப் பகுதியில் பாலிசி வைத்திருப்பவர்களில் 26 சதவீதம் பேர் குறைந்த வருமானக்காரர்கள். பாலிசி இல்லாதவர்களில் அது 51 சதவீதம். வெள்ளத்துக்குப் பிறகு எழுந்து நிற்க வழியே இல்லாதவர்களிடம்தான் காப்பீடும் இல்லை. 2022ல் வருமானத்தைப் பார்த்து உதவி தரும் ஏற்பாட்டைக் கேட்டு ஃபீமா காங்கிரஸுக்கு எழுதியது, இன்னும் சட்டமாகவில்லை. எல்லாருக்கும் விலையைக் குறைத்துக் கொடுத்தால் ஆபத்தான கரையில் மேலும் மேலும் வீடு கட்டத்தான் அது தூண்டும். விலை உண்மையைச் சொல்லட்டும், முடியாதவருக்குத் தனியாக உதவட்டும் என்பதுதான் சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதும்போது இதையே கேளுங்கள்.

அதுவரை, பிரீமியம் கைமீறினால் இந்த வரிசையில் குறையுங்கள். முதலில் விவரப் பிழை இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். பிறகு டிடக்டிபிளை உயர்த்துங்கள். பிறகு பொருட்களுக்கான தொகையைக் குறையுங்கள். கட்டடத் தொகையில் கடைசியாகக் கை வையுங்கள். எஸ்க்ரோ வழியாகக் கட்டாதவர்களுக்கு 2024 டிசம்பர் 31 முதல் மாதத் தவணை வசதியும் இருக்கிறது. கடன் இருக்கும்போது பாலிசியை நிறுத்தினால் லெண்டர் 45 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, அவரே அதிக விலைக்கு ஒன்றை வாங்கி உங்கள் கணக்கில் எழுதுவார். கடன் முடிந்தவர்கள் நிறுத்திவிட்டு இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுத்தால் முழு விலைதான். நிலுவைத் தேதி தாண்டி 30 நாளுக்குள் கட்டினால்தான் பழைய விலை தொடரும்.

வீட்டில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஏறுகிறது என்றால் விற்றுவிட்டு வெளியேறும் வழியையும் விசாரியுங்கள். நியூ ஜெர்சியின் 'ப்ளூ ஏக்கர்ஸ்' திட்டமும் ஹாரிஸ் கவுண்டியின் வெள்ளத் தடுப்பு அமைப்பும் அப்படிப்பட்ட வீடுகளை விலைக்கு வாங்கி, இடித்து, நிலத்தைத் திறந்தவெளியாக விட்டுவிடுகின்றன. விருப்பத்தின் பேரில்தான், யாரையும் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. முடிய மாதக்கணக்கிலும் சில சமயம் வருடக்கணக்கிலும் ஆகும் என்பதால், இன்னொரு வெள்ளத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே பெயரைக் கொடுத்து வையுங்கள். பணம் கைக்கு வரும்வரை பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.